கோப்பியும் கத்தரிக்காயும்

யாழ்ப்பாணத்துச் சந்தைகளிலே 'கழிவு' என்றொரு சொல் நெடுங்காலம் வழங்கி வந்ததை வாசகர் அறிவர். கமக்காரன் நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுசென்றால் தொண்ணூறு கிலோவுக்கே காசு. எஞ்சிய பத்தும் கழிவு. மண் ஒட்டியிருக்கும், அழுகல் கலந்திருக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கழுவித் துடைத்துக் கொண்டுசென்ற காய்க்கும் அதே கழிவுதான்!

தராசின் முன்னே தனித்து நிற்பவனுக்கு எந்நாட்டிலும் இதே கதிதான். அங்ஙனம் நின்ற ஒரு சாரார் மெக்சிக்கோ நாட்டிலே செய்த முயற்சியைப் பற்றி இங்கு சிறிது கூற விரும்புகின்றோம்.

அந்நாட்டின் தென்பகுதியிலே, தெகுவாந்தெபெக் பூசந்தியை அடுத்த மலைக்கிராமங்களில், ஆதிக்குடி மக்கள் சிறு நிலங்களிற் கோப்பி பயிரிடுகின்றனர். அவர்களிடம் கோப்பி வாங்கும் இடைத்தரகருக்குக் 'கொயோட்டே' என்று பெயர். அது அங்குள்ள ஓநாயினத்து விலங்கொன்றின் பெயராம். (ஊரார் வைக்கும் பட்டப்பெயர்கள் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.) கொட்டையை நகருக்கு ஏற்றிச்செல்ல வண்டியில்லை, நகரத்து விலையும் தெரியாது. அறுவடைக்கு முன் வீட்டுச் செலவுக்குக் கடன் கொடுப்பவனும் அதே தரகன். கடன் வாங்கிய கை பின்னர் விலை பேசுவதெப்படி?

1980களின் தொடக்கத்தில் இக்கிராமத்தவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். அவர்களிடையே வாழ்ந்த பிரான்ஸ் வான் டெர் ஹொப் என்னும் ஒல்லாந்து நாட்டுப் பாதிரியார் துணைநின்றார். அவர்கள் கேட்டது தருமமன்று, உழைப்புக்கேற்ற விலை. அதன் பயனாக 1988இல் ஒல்லாந்திலே 'மக்ஸ் ஹவலார்' என்னும் முத்திரையுடன் நியாய வணிகக் கோப்பி சாதாரண கடைகளுக்கு வந்தது. ஜாவாத் தீவின் குடியானவர்களை ஒல்லாந்தர் ஆட்சி வருத்திய கொடுமையை அந்நாட்டவர் ஒருவரே 1860இல் நாவலாக எழுதினார். அந்நாவலின் பெயரே முத்திரைக்கு இடப்பட்டது.

இம்முறையின் உயிர்நாடி அடிவிலை. உலகச் சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும் அதற்குக் கீழே வாங்குவதில்லை. சந்தை மேலே ஏறினால் ஏறிய விலையே கொடுக்கப்படும். அதற்கு மேலும் ஒரு சிறு தொகை உண்டு. அதனைப் பள்ளிக்கூடத்துக்குச் செலவிடுவதா, பாதைக்கா என்பதைச் சங்க உறுப்பினர் கூடித் தீர்மானிப்பர். சங்கம் வேண்டினால் அறுவடைக்கு முன்னரே ஒப்பந்தப் பெறுமதியில் 60 வீதம் வரை முன்பணமும் பெறலாம். தரகனின் கடனை அறுத்தெறியும் கத்தி இதுவே என்பது எமது கருத்து.

சோதனையும் விரைவில் வந்தது. நாடுகளிடையே நிலவிய கோப்பிப் பங்கீட்டு ஒப்பந்தம் 1989இல் முறிந்தது. 2001ஆம் ஆண்டின் இறுதியிற் கோப்பி றாத்தலுக்கு அமெரிக்க 50 சதத்துக்கும் கீழே வீழ்ந்தபோது, கழுவிய அரபிக்காக் கோப்பிக்கு நியாய வணிக அடிவிலை ஒரு டொலர் 20 சதத்துக்கு மேலிருந்தது. 2023இல் அது ஒரு டொலர் 80 சதமாக உயர்த்தப்பட்டது.

குறைகளும் இல்லாமலில்லை. சங்கங்களின் விளைச்சல் முழுவதுக்கும் இவ்விலை கொடுப்பார் கிடைப்பதில்லை. மிகுதி பழைய சந்தைக்கே போகின்றது. 2025 பெப்ரவரியில் உலகச் சந்தை விலை நான்கு டொலரையும் தாண்டியது. இத்தகைய காலங்களில் ரொக்கம் நீட்டும் தரகனிடம் உறுப்பினர் சிலர் ஓடுவதும், முன்னரே ஒப்பந்தம் செய்த சங்கம் கையைப் பிசைவதும் உண்டு. நம் ஐக்கிய சங்கங்களிலே பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாகாது.

இவற்றையெல்லாம் வகுப்பிலே கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "கோப்பியை மாதக்கணக்கில் வைத்து விற்கலாம், ஐயா, கத்தரிக்காய் பின்னேரமே வாடிவிடுமே?" என்றான். நாம் சற்றுத் தடுமாறினோம். காத்திருக்க முடியாத பொருளுக்குப் பேரம் ஏது? "வெண்காயத்தைப் பிடியாகக் கட்டித் தூக்கி வைக்கலாம், அதிலே தொடங்கலாம்" என்றான் பின்வாங்கிலிருந்த கமக்காரன் மகன். மணி அடித்த பின்னரும், தராசை யார் வாங்குவது, கணக்கை யார் எழுதுவது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர்.