காயல் நீருக்குச் சாயமிட்டால்...

கடலோரத்தில் மணல்திட்டினால் பிரிக்கப்பட்டு, குறுகிய முகத்துவாரத்தின் வழியே மட்டும் கடலுடன் தொடர்பு கொண்ட ஆழமற்ற நீர்நிலையைக் காயல் என்கிறோம். தமிழக - ஆந்திர எல்லையிலுள்ள பழவேற்காடு ஏரியும், ஒடிசாவின் சிலிகா ஏரியும் இத்தகையவையே.

ஓதம் ஏறும்போது கடல்நீர் காயலுக்குள் வருகிறது, இறங்கும்போது வெளியேறுகிறது. அப்படியானால், காயலில் சேரும் கழிவுகள் ஓரிரு நாட்களில் கடலுக்குப் போய்விடும் என்றுதானே நினைப்பீர்கள்? உண்மை அதுவன்று. வெளியேறிய நீரில் ஒரு பகுதி அடுத்த ஓதத்தில் திரும்பி வந்துவிடும். முகத்துவாரத்தின் அருகே நீர் விரைவாக மாறும். தொலைவிலுள்ள மூலைகளில் வாரக்கணக்கில் தேங்கும். தேங்கினால் பாசி பெருகும்; உயிர்வளி குறையும்; மீன்கள் மடியும். எந்த நீர் புதியது, எது பழையது எனக் கண்ணால் அறிய முடியாது. ஆகவே நீருக்கு ஓர் அடையாளம் இட வேண்டும். அந்த அடையாளமே சாயம்.

ஒளிரும் சாயங்கள்

இம்முறை பழமையானது. ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் நீர் ஓரிடத்தில் படுகைப் பிளவுகளுக்குள் மறைந்துவிடுகிறது. 1877-இல் அங்கே 10 கிலோகிராம் ஃபுளோரெசின் சாயத்தை இட்டார்கள். சுமார் 60 மணி நேரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆக் என்னும் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது!

ஆனால் ஃபுளோரெசின் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். எனவே திறந்த காயல்களில் பெரும்பாலும் ரோடமின் டபிள்யூ.டி. என்னும் செஞ்சாயத்தைப் பயன்படுத்துகின்றனர். இது பச்சை ஒளியை ஏற்று, ஆரஞ்சு நிற ஒளியை வெளியிடும். ஒளிர்மானி என்னும் கருவி, தான் பாய்ச்சும் ஒளியை வடிகட்டி விலக்கிவிட்டு, சாயம் உமிழும் ஒளியை மட்டும் அளக்கிறது.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். 10 சதுரக் கிலோமீட்டர் பரப்பும் சராசரி 1 மீட்டர் ஆழமும் உள்ள காயலில் 1 கோடி கன மீட்டர் நீர் இருக்கும். அதில் 1 கிலோகிராம் சாயம் சீராகக் கலந்தால், ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவையும் நல்ல ஒளிர்மானி கண்டுவிடும்.

சோதனை நடக்கும் விதம்

முதலில் சாயமிடாத நீரை அளக்க வேண்டும். பாசியும் மக்கிய இலைப்பொருள்களும்கூடச் சிறிது ஒளிரும் அல்லவா? சாயக் கரைசல் நீரைவிடக் கனமானது. அடியில் படியாதிருக்க முன்னதாகவே அதை நீர்த்துவிடுவார்கள். பிறகு படகில் சென்று பல இடங்களில், பல ஆழங்களில், பல நாட்கள் அளப்பார்கள்.

நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு சாயம் வெளியேறுவதாகக் கொள்வோம். பத்து நாளில் எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. ஒவ்வொரு நாளும் வெளியேறுவது எஞ்சியதில் பத்தில் ஒன்றுதான். முதல் நாள் முடிவில் 90 விழுக்காடு, மறுநாள் 81, ஏழாம் நாள் 48, பத்தாம் நாள் 35 விழுக்காடு எஞ்சும். பத்து விழுக்காடாகக் குறைய 22 நாட்கள் ஆகும். காயலில் கலக்கும் சாக்கடை நீருக்கும் இதே கணக்குத்தான்!

எச்சரிக்கையும் தேவை. சாயத்தில் ஒரு பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும். அந்த இழப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிவந்த நீரைக் கண்டு மீனவர்கள் அஞ்சாதிருக்க முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். குடிநீர் எடுக்கும் இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

பயன் என்ன?

சிலிகாவின் பழைய முகத்துவாரம் மணலால் தூர்ந்ததால் உவர்ப்புக் குறைந்தது; களைகள் பெருகின; மீன்வளம் சரிந்தது. நீரோட்டக் கணிப்புகளின் அடிப்படையில் 2000-ஆம் ஆண்டில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மீன்பிடிப்பு பன்மடங்கு உயர்ந்தது. இத்தகைய கணிப்புகள் சரியா என்று நீரிலேயே சோதித்துப் பார்க்க உதவும் வழிகளுள் ஒன்று சாயம்.

எங்கே முகத்துவாரத்தை வெட்டுவது, எங்கே கழிவுநீரை விடக்கூடாது என்பவை காயலை நம்பி வாழும் குடும்பங்களின் பிழைப்பைத் தீர்மானிக்கும் கேள்விகள். அவற்றுக்கு ஊகத்தால் விடை கூறக்கூடாது. அளந்தே கூற வேண்டும்.