கடைக்கு லேப்டாப் வாங்கப் போகிறோமா? கொடுக்கும் காசுக்குச் சரக்கு இருக்கட்டும்

துவரம் பருப்பு கொள்முதல் செய்யப் போனால், மூட்டையின் மேல் அச்சடித்த பெயரைப் பார்த்து நாம் யாரும் பணத்தை நீட்டுவதில்லை. ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, உடைசல் எவ்வளவு, தூசி எவ்வளவு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஆனால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து லேப்டாப் வாங்கும்போது மட்டும், அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் விற்பவர் சொல்லும் தள்ளுபடியையும் நம்பி வாங்கி வந்துவிடுகிறோம்.

பில் போடுவது, சரக்கு இருப்பு, கடன் பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில் என்று கடையின் நடப்பு முழுவதும் இன்று இந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டது. மாலை நேரக் கூட்டத்தில் அது திணறினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே இதையும் நம் வியாபார முறைப்படியே வாங்கப் பழக வேண்டும். அதற்கு ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும்: பிறகு மாற்ற முடியாத பாகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், பிறகு சேர்த்துக்கொள்ளக்கூடிய பாகத்துக்கு இப்போது கையை இறுக்கலாம்.

முதலில் தேவையை எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் தேவையை எழுதிக்கொள்ள வேண்டும். கல்லாவை விட்டு நகராத கணினி என்றால் மேசைக் கணினியே மேல். அதே பணத்துக்குக் கூடுதல் திறன் கிடைக்கும். பழுது பார்ப்பதும் எளிது. வீட்டுக்கும் குடோனுக்கும் ஆடிட்டரிடமும் எடுத்துப் போக வேண்டும், மின்வெட்டிலும் கணக்கு பார்க்க வேண்டும் என்றால்தான் லேப்டாப். அப்போதும் பில் பிரிண்டருக்கும் இன்டர்நெட் ரூட்டருக்கும் தனியாக மின்சாரம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கணக்கு மென்பொருள், இணையதளத்தில் ரிட்டர்ன் தாக்கல், வாட்ஸ்அப், விலைப்பட்டியல் இவைதான் பெரும்பாலான கடைகளின் வேலை. இதற்கு ஐ7 பிராசசரும் வேண்டாம். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். அவற்றுக்குக் கொடுக்கும் பணம் நமக்கு முடங்கிய சரக்கு போலத்தான்.

பிராசசர்: பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்

லேப்டாப்பில் பிராசசரைப் பிறகு மாற்ற முடியாது. ஆகவே இங்கே கவனம் அதிகம் தேவை. 'ஐ5' என்றோ 'ரைசன் 5' என்றோ சொல்வது மூட்டையின் மேலுள்ள பெயர்தான். சரக்கின் தரம் அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். பெயரில் ஒரே ஓர் இலக்கம்தான் வேறுபாடு. முன்னது 4 கோர் கொண்டது. 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. பின்னது 6 கோர் கொண்டது; 2020-ல் வந்த ஜென் 3 வடிவமைப்பு. இந்த 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது. இரண்டும் 'ரைசன் 5' என்ற ஒரே பெயரில்தான் விற்கப்பட்டன.

இன்டெல் வகையில் ஐ3-1215யு 2022-ல் வந்தது. அதில் வேகமான கோர் 2, சிக்கனமான கோர் 4 உள்ளன. சாதாரணக் கடைக் கணக்குக்கு இந்தத் திறன் போதும். என்100, என்200 போன்றவற்றில் சிக்கனமான கோர் 4 மட்டுமே உண்டு. விலை குறைவாக இருந்தாலும், பல ஜன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்பவர்களுக்கு இவை ஏற்றவை அல்ல.

ராம்: ஒட்டியதா, கழற்றக்கூடியதா?

நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி இதுதான். சில லேப்டாப்களில் ராம் தனிப் பட்டையாகச் செருகப்பட்டிருக்கும். நாளை இன்னொரு பட்டை வாங்கிச் சேர்க்கலாம். வேறு சிலவற்றில் ராம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்டவே முடியாது. மேலே சொன்ன 7520யு பிராசசர் எல்.பி.டி.டி.ஆர்.5 வகை ராமை மட்டுமே ஏற்கும். அந்த வகை பலகையில் பற்றவைக்கப்பட்டே வருகிறது.

காலித் துளை இருந்தால் 8 ஜி.பி. போதும், வேலை கூடும்போது இன்னொரு 8 ஜி.பி. சேர்க்கலாம். பற்றவைத்தது என்றால் முதலிலேயே 16 ஜி.பி. வாங்குவதே சரி. துளை ஒன்றே ஒன்று என்றால், பின்னாளில் உள்ளே இருக்கும் 8 ஜி.பி.யைக் கழற்றி வைத்துவிட்டு 16 ஜி.பி. வாங்க நேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடையில் பார்வைக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே இதைச் சோதிக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி என்ற பகுதிக்குப் போனால் துளைகள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று காட்டும். அருகிலேயே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. 'சோடிம்' என்று இருந்தால் பட்டை.

தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாகங்களைத் தேர்வு செய்து ஆர்டர் கொடுக்கும் வசதி இருந்தால், 8-க்கும் 16-க்கும் அவர்கள் போடும் விலை வித்தியாசத்தையும், வெளியில் பட்டை விற்கும் விலையையும் ஒப்பிட வேண்டும். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் மெமரி சிப்களின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே 'வெளியில் வாங்கினால் எப்போதும் மலிவு' என்று எண்ணிவிடாமல், வாங்கும் அன்றைய விலையை விசாரிப்பது நல்லது.

எஸ்.எஸ்.டி., திரை, விசைப்பலகை

பில் கணக்குகள் அதிக இடம் பிடிப்பவை அல்ல. 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். எம்.2 துளை உள்ளவற்றில் இதைப் பிறகு மாற்றலாம் என்பதால் 1 டி.பி.க்கு இப்போதே பணம் போட வேண்டாம். மிச்சமாகும் தொகையில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வாரந்தோறும் கணக்கை நகல் எடுத்து வைத்தால் அது புத்திசாலித்தனம். 512 என்று எழுதிய டிஸ்க்கை விண்டோஸ் 476 என்று காட்டும். இது எடைக் குறைவு அல்ல. தயாரிப்பாளர் 1000-ஆல் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது.

திரையையும் பின்னால் மாற்றுவது வீண் செலவு. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட, வெளிச்சம் பிரதிபலிக்காத ஐ.பி.எஸ். திரையாகக் கேளுங்கள். நாள் முழுவதும் எண்களைத் தட்டுபவர்களுக்கு வலப்பக்கம் தனி எண் விசைகள் அவசியம். 15.6 அங்குல லேப்டாப்களில் இவை பெரும்பாலும் இருக்கும். 14 அங்குலத்தில் பெரும்பாலும் இராது. பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், மவுஸ் என்று செருகினால் சாதாரண யு.எஸ்.பி. துளை மூன்றாவது வேண்டியிருக்கும். அதையும் எண்ணிப் பாருங்கள்.

விண்டோஸும் பழைய லேப்டாப்பும்

டாலி போன்ற மென்பொருள்கள் விண்டோஸில் ஓடுபவை. 'டாஸ்' அல்லது லினக்ஸ் என்று குறிப்பிட்டு விலை குறைத்து விற்கும் லேப்டாப்பை வாங்கினால், விண்டோஸ் உரிமத்துக்குத் தனியாகச் செலவு வரும். அதையும் கூட்டிய பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் பிராசசர்களில் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11-க்கு ஏற்கப்படுகின்றன. ஆகவே மலிவு என்று பழைய லேப்டாப் வாங்குவோர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

'ஆபீஸ் இலவசம்' என்பதிலும் கவனம் தேவை. ஹோம் அண்டு ஸ்டூடண்ட் 2021 பதிப்பின் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு உரியது அல்ல. விலைப்பட்டியல், கடிதம் போன்றவற்றுக்குக் கட்டணமில்லாத லிப்ரே ஆபீஸ் போதும்.

பில் இல்லாத மலிவு, மலிவு அல்ல

லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். உதாரணத்துக்கு, வரிக்கு முன் விலை 40,000 ரூபாய் என்றால் வரி 7,200, மொத்தம் 47,200. 'பில் வேண்டாமென்றால் 43,000-க்குத் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், மேலோட்டமாகப் பார்த்தால் 4,200 மிச்சம். ஆனால் முறையாக வரி செலுத்தும் வணிகர், கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் உள்ள பில்லோடு வாங்கினால் 7,200-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். அவருக்கு அடக்கம் 40,000 தான். பில் இல்லாமல் வாங்கியவர் 3,000 கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். வாரண்டி கேட்கவும் தேய்மானம் கழிக்கவும் ஆதாரம் இல்லாமல் நிற்கிறார்.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. உதிரியாக விற்கும் அரிசி, பருப்பு போன்ற வரியில்லாத சரக்கும் வரியுள்ள சரக்கும் கலந்து விற்பவர்களுக்கு அந்த விகிதப்படியே வரவு கிடைக்கும். வரவாக எடுத்த வரித் தொகைக்கு மீண்டும் தேய்மானம் கோரக் கூடாது. உங்கள் நிலை எது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பில் உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் ஏறியிருக்கிறதா என்று அடுத்த மாதம் பார்ப்பதும் அவசியம்.

'வட்டியில்லாத் தவணை' என்றால் வங்கியின் செயல்முறைக் கட்டணம், வட்டியின் மீதான ஜி.எஸ்.டி. இரண்டையும் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

வாரண்டி

வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு, பொறியாளர் கடைக்கே வந்து பார்ப்பாரா, நாம் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். சர்வீஸ் சென்டர் நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இல்லாத கம்பெனி என்றால், ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும். லேப்டாப் ஒரு வாரம் வெளியூரில் கிடந்தால் அந்த ஒரு வாரமும் கைப்பில்தான்.

ஆகவே பிராசசரின் முழு எண், ராம் எவ்வளவு, ஒட்டியதா கழற்றக்கூடியதா, எஸ்.எஸ்.டி., திரை, துளைகள், விண்டோஸ், வாரண்டி வகை, வரி சேர்த்த விலை ஆகிய இத்தனையையும் ஒரே தாளில் எழுதி, மூன்று இடங்களில் விலை கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் நம் ஊர்க் கடையானாலும் இணையதளமானாலும் அதே தாளைக் காட்டியே கேட்க வேண்டும். ஒரே சரக்குக்கு மூன்று விலை கேட்டு வாங்குவது நமக்குப் பழகிய தொழில்தான். லேப்டாப்பிலும் அதையே செய்தால் நம் பணம் வீண் போகாது.