“ஒரு வேளைதானே!” என்று விடலாமா?

1933-ம் ஆண்டு. குளிர்காலம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பனி கொட்டியது. அந்தப் பனியில் ஒரு விவசாயி, கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் கூடத்துக்கு வந்தார். அவர் வண்டியில் செத்துப்போன கிடாரி ஒன்று இருந்தது. கூடவே ஒரு பால் கேன். அதில் இருந்தது பால் அல்ல, ரத்தம்! உறையாத ரத்தம்!

கெட்டுப்போன தீவனத்தைத் தின்றதால் வந்த வினை அது. தீவனத்தில் இருந்த பொருளை லிங்க் குழுவினர் பல ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் ‘வார்பரின்’. 1948-ல் அது எலி மருந்தாக வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாயிற்று!

தாளம் தப்பினால்...

இருதயத்துக்கு ஒரு தாளம் உண்டு. சிலருக்கு அதன் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும். படபடப்பு வரும், மூச்சு வாங்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

மேலறை சரியாகச் சுருங்காவிட்டால் ரத்தம் தேங்கும். இடது மேலறையில் ஒரு சிறு பை இருக்கிறது. தேங்கிய ரத்தம் பெரும்பாலும் அங்கேதான் கட்டியாக உறையும்.

தாளத்தைத் திருத்த, மயக்க மருந்து கொடுத்து, மார்பில் மின்சார அதிர்ச்சி கொடுப்பார்கள். கண் இமைக்கும் நேரத்தில் தாளம் திரும்பலாம். ஆனால், பையில் கட்டி இருந்தால்? மேலறை மறுபடி சுருங்கும்போது கட்டி பெயரும். மூளைக்குப் போகும். பக்கவாதம் வரும்!

முன்னே 3, பின்னே 4

இதைத் தடுக்கத்தான் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை. தாளம் தப்பி 2 நாள் தாண்டியவர்களும், எப்போது தப்பியது என்று தெரியாதவர்களும் சிகிச்சைக்கு முன் குறைந்தது 3 வாரம் சாப்பிடவேண்டும். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. சிகிச்சைக்குப் பிறகும் குறைந்தது 4 வாரம் தொடரவேண்டும். தாளம் திரும்பினாலும், மேலறைக்குப் பழைய பலம் திரும்ப நாளாகும்.

வார்பரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ‘ஐ.என்.ஆர்.’ என்ற அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புது மாத்திரைகளுக்கு அந்தப் பரிசோதனை வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் விட்டால் அவற்றின் பலம் போய்விடும்.

“சிகிச்சைக்கு முன் இந்த மாத்திரையை நிறுத்தவேண்டும்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம். கேட்காதீர்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

மறந்தால் மறைக்காதீர்கள்!

ஒருவர் கல்யாணத்துக்கு வெளியூர் போகிறார். மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிடுகிறார். 2 வேளை போயிற்று. பிறகு டாக்டர் கேட்கிறார். “தவறாமல் சாப்பிட்டேன்” என்கிறார். உண்மையைச் சொன்னால் தேதி தள்ளிப்போகுமே என்ற பயம்!

இந்தப் பொய் உயிருக்கே உலை வைக்கும். உண்மையைச் சொன்னால் வழி உண்டு. உணவுக் குழாய் வழியாகக் கருவியை இறக்கி, கட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். அல்லது தேதியைத் தள்ளிவைக்கலாம். தேதி போனால் இன்னொரு தேதி கிடைக்கும்.

விட்டதற்கு ஈடாக 2 மாத்திரையைச் சேர்த்து விழுங்குவதும் தவறு. ரத்தக் கசிவு ஏற்படலாம். டாக்டரைக் கேட்டுச் செய்யவேண்டும்.

சுவரில் தொங்கும் காலண்டர் போதும். மாத்திரை சாப்பிட்டதும் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கோடு போடலாம். பள்ளிக்கூடம் போகும் பேரனும் பார்த்துச் சொல்லலாம். கோடு விழாத தேதி இருந்தால், அதை டாக்டரிடம் காட்டுங்கள்!