ஆறு மணிக்கு எல்லோருக்கும் ஒரே பஸ்!

காணும் பொங்கலுக்குப் பஸ், ரயிலிலேயே போய்வரக்கூடிய பத்து இடங்களை எழுதிக் கொடுங்கள் என்றுதான் ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். இடங்களுக்கு என்ன பஞ்சம்? மாமல்லபுரம், வண்டலூர், வேடந்தாங்கல், காஞ்சிபுரம், பழவேற்காடு, திருத்தணி... சென்னையில் இரண்டு பொங்கல் கழித்தவர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் புளியோதரை கட்டும்போது யாருமே யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. திரும்பி வருவது!

போன வருஷம் நாங்கள் ஆறு பேர் மாமல்லபுரம் போனோம். போனதில் கதை ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் ஏறினோம், உட்கார இடம் கிடைத்தது. நெரிசல் காரணமாக ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள், மிச்ச தூரம் நடந்தோம். இறங்கும்போது முன் சீட்டில் இருந்த ஓர் ஆயா கண்டக்டரிடம் கேட்டார்:

“திரும்பிப் போக கடைசி வண்டி எத்தனை மணிக்குப்பா?”

“பத்து மணி வரைக்கும் வண்டி இருக்கும் ஆயா. ஏற முடியுமான்னு கேளு!”

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். சாயங்காலம் அந்தச் சிரிப்பு மறந்துபோனது.

காலையில் கூட்டம் ஒரே நேரத்தில் வருவதில்லை. எட்டு மணிக்கே வந்து நிழல் பிடிப்பவர்கள் உண்டு. வீட்டில் கறி சமைத்து, எடுத்துக் கட்டி, ஒரு மணிக்கு வந்து சேர்பவர்களும் உண்டு. ஐந்து மணி நேரத்தில் பரவலாக வரும் அத்தனை பேரும் கிளம்புவது ஒரே மணி நேரத்தில். ஜனவரி நடுவில் இங்கே சூரியன் மறைவது 6 மணியை ஒட்டி. இருட்டத் தொடங்கியதும் மணலில் இருந்து போலீஸார் எழுப்பிவிடுவார்கள், குழந்தைகள் தூக்கத்துக்கு அழ ஆரம்பிக்கும், கட்டிவந்த சாப்பாடும் தீர்ந்திருக்கும். இத்தனை கூட்டத்துக்கும் ஈடாகப் பஸ் விடுவது யாராலும் ஆகாது. சிறப்பு பஸ்கள் விடத்தான் செய்கிறார்கள். ஆனால் ஊருக்குள் வரவேண்டிய பஸ்ஸும், வெளியே போகத் துடிக்கும் கார்களும் மாட்டிக்கொள்வது ஒரே சாலையில்.

அன்று மாலை நான் அதிகம் கவனித்தது பெண்களைத்தான். சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம். வீட்டுக்காரர் வராவிட்டால் என்ன, நாமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற தைரியம் அதனால்தான் வந்தது. நல்ல விஷயம். ஆனால் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று நிற்பவர் முண்டியடித்து ஏற முடியுமா? கட்டணமில்லாத வண்டிக்காகக் காத்திருந்து, வந்த மூன்று வண்டிகளையும் விட்டுவிட்டு, எட்டரை மணிக்கு ஷேர் ஆட்டோக்காரர் சொன்ன தொகைக்குத் தலையாட்டிய ஒரு தாயைப் பார்த்தேன். பகலெல்லாம் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு சவாரியில் போயிருக்கும்.

ரயிலாவது கைகொடுக்குமா? கொடுக்கும், ஆனால் பண்டிகை விடுமுறை நாள்களில் சென்னை மின்சார ரயில்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படிதான் ஓடும். அலுவலகம் இல்லாத நாள், எனவே ரயில் குறைவாகப் போதும் என்பது கணக்கு. பொங்கலைக் கொண்டாட ஊரே வெளியே கிளம்பும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. வார நாள் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் போய் நிற்காதீர்கள்.

திரும்புவதை யோசித்து அமைத்த ரயில் ஒன்று உண்டு. அது நமக்கானது இல்லை. 2024 மே முதல் திருவண்ணாமலையில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, வேலூர் வழியாகக் காலையில் சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கு வரும் ரயில், மாலை 6 மணிக்கு இங்கிருந்து திரும்புகிறது. திருவண்ணாமலைக்காரர்கள் மெரினாவைப் பார்த்துவிட்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போகலாம். நாம் அதில் கிரிவலத்துக்குப் போனால் நடுராத்திரியில் இறங்க வேண்டியதுதான்!

வேடந்தாங்கலில் சிக்கல் வேறு மாதிரி. ஏரிக்குக் கூட்டம் கூட்டமாக நத்தைக்குத்தி நாரைகள் திரும்பும் அழகு சாயங்காலத்தில்தான். நமக்கு மதுராந்தகம் பஸ் வேண்டியதும் அதே நேரத்தில். பறவைகளுக்குப் பஸ் கவலை இல்லை. அதனால் விடியற்காலைப் பறவைகளைப் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்கே கிளம்பிவிடுவதுதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சரி.

வேன் பிடித்தால் இத்தனை தலைவலி ஏன் என்பார்கள் சிலர். பிடிக்க முடிந்தவர்கள் பிடிக்கட்டும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பொங்கல் இல்லையா என்றும் கேட்பார்கள். அதுவும் நியாயம்தான்.

மாமல்லபுரத்தில் எங்களைக் காப்பாற்றியது கடலை விற்கும் அண்ணன் ஒருவர். “இங்க நின்னா விடிஞ்சிடும் சார். வண்டி திரும்புற எடத்துக்கு நடந்து போங்க, அங்கதான் காலியா வரும்” என்றார். இருட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். ஆறு பேருக்கும் சீட் கிடைத்தது. வழியில் கோவளம், திருவிடந்தை நிறுத்தங்களில் கை காட்டியவர்களை வண்டி தாண்டிப் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது. அப்போதும் வேலை முடியவில்லை. தென்மாவட்டப் பஸ்கள் 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போனதிலிருந்து நமக்கு ஒரு பாடம் தெரியும்: பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வது வீடு வந்து சேர்வது ஆகாது. இன்னொரு வண்டி மாறி நாங்கள் வீட்டுப் பூட்டைத் திறந்தபோது மணி பதினொன்றே கால்.

இந்த வருஷம் திருத்தணி என்று முடிவாகியிருக்கிறது. அங்கே ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ஒன்றில் ஏற முடியாவிட்டால் இன்னொன்று. 365 படி ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணி வண்டிக்கே வந்துவிடுவது. அரக்கோணம் வரையாவது ஜன்னல் சீட்டு. ரிட்டர்ன் டிக்கெட்டைக் காலையிலேயே சேர்த்து எடுத்துவிடுவதாகத் திட்டம்.

“மூணு மணிக்கே திரும்புறதுக்கு எதுக்குப்பா போகணும்?” என்கிறாள் மகள். அவளுக்குப் போன வருஷத்து நினைவில் இருப்பதே அந்த ராத்திரி நடையும் கடலை அண்ணனும்தான்.