பழைய மாதிரியுருவிலிருந்து வேறொரு டீசல் எஞ்சின்

பிரித்தானியப் புகையிரத முற்றங்களிலே பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் வந்த சிறு நீராவி எஞ்சின்களின் பணியை, 1950-களில் டீசல் எஞ்சின்கள் மெல்ல மெல்ல ஏற்கலாயின. 'சண்டிங்' எஞ்சின் என நம்மவர் வழங்கும் இவ்வினத்துள் உடன்பிறப்புப் போன்ற இரு வகைகள் உள. ஒன்று, டுறூரி நிறுவனத்தார் வழங்கியது. 1952 முதல் 1962 வரை 142 எஞ்சின்கள் இவ்வகையிற் செய்யப்பட்டன. மற்றையது, சுவின்டன், டொன்காஸ்டர் ஆகிய இடங்களிலிருந்த அரச தொழிற்சாலைகளில் 1957-க்கும் 1961-க்கும் இடையில் உருவாகியது. இதன் தொகை 230. பிற்காலத்தில் முன்னது 04 எனவும் பின்னது 03 எனவும் வகுக்கப்பட்டன. இரண்டினுள்ளும் இருந்தது எட்டு உருளைகளைக் கொண்ட, 204 பரிவலுவுடைய கார்ட்னர் பொறியே.

டுறூரி எஞ்சினைப் பிளாஸ்டிக் உறுப்புகளாகப் பிரித்துப் பெட்டியிலடைத்து விற்றவர் எயார்பிக்ஸ் நிறுவனத்தார். 1980-களில் அவ்வச்சுகள் டப்போல் நிறுவனத்தின் கைக்கு மாறின. அலுமாரியிற் கிடக்கும் அத்தகைய பெட்டியொன்றை 03 ஆக மாற்ற இயலுமா என்பதே நமது வினா. இயலும், ஆயின் அளவுகோலைக் கையிலெடாது கத்தியை எடுத்தல் ஆகாது.

இம்மாதிரியுருக்களில் மெய்யான ஓரடிக்கு நான்கு மில்லிமீற்றர் கொள்ளப்படும். இரு வகைகளிலும் முதலச்சுக்கும் கடையச்சுக்கும் இடைத்தூரம் 9 அடியாதலின் மாதிரியுருவில் அது 36 மில்லிமீற்றராகும். இவ்வொற்றுமையே வேலையை எளிதாக்குவது. சில்லுகளிலேதான் வேறுபாடு. தொடக்ககால டுறூரி எஞ்சின்களின் சில்லு 3 அடி 3 அங்குல விட்டமுடையது. அஃதாவது 13 மில்லிமீற்றர். 03-இன் சில்லோ 3 அடி 7 அங்குலம், 14.3 மில்லிமீற்றருக்குச் சற்று மிகும். ஒரு மில்லிமீற்றர் வேறுபாடு யாருக்குத் தெரியும் என வினவுவோர் உளர். எஞ்சின் முழுவதும் உள்ளங்கையில் அடங்குமிடத்து அது கண்ணுக்குத் தப்பாது என்பதே எம் கருத்து.

இன்னொரு விந்தையும் உண்டு. மெய்ப்பாதையின் அகலமாகிய 4 அடி 8½ அங்குலம் இவ்வளவையில் 18.83 மில்லிமீற்றராதல் வேண்டும். பெரும்பாலார் ஓட்டும் பாதையோ 16.5 மில்லிமீற்றரே. சில்லின் விட்டத்துக்காக வழக்கிடுவோர் பலர் இதனைப் பேசாது விட்டுவிடுவர். நம் நாட்டு அகலப்பாதை, 5 அடி 6 அங்குலமாதலின், 22 மில்லிமீற்றர் வரும்.

அடுத்தது புகைபோக்கி. 03 எஞ்சின்களிற் சில கூம்பு வடிவானதையும், சில பூச்சட்டி போன்றதையும் கொண்டிருந்தன. பழையதை அறுத்துவிட்டு, பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றை அரத்தாற் செதுக்கிப் பொருத்தலாம். ஓட்டுநர் அறையின் சாளரங்களைத் தொடுமுன், தெரிந்தெடுத்த தனியெஞ்சினின் நிழற்படத்தைப் பார்த்தல் இன்றியமையாதது.

ஒட்டும் முறையை மாணவர் அறிதல் நன்று. இவ்வுறுப்புகள் பொலிஸ்ரைரீன் என்னும் பொருளாலானவை. பியூட்டனோன் போன்ற கரைப்பான் அதன் மேற்பரப்பை இளக்கும். இளகிய இரு பரப்புகளும் ஒன்றிலொன்று கலக்கும். கரைப்பான் ஆவியானதும் அவை ஒரே துண்டாய் இறுகும். ஆகவே இது பசையன்று, ஒருவகை உருக்கிணைப்பே. கரைப்பான் மிகுந்தால் மெல்லிய சுவர் நெளிந்துவிடும். அதன் ஆவி எளிதிற் தீப்பற்றுவது. சாளரத்தைத் திறந்துவைத்துச் சுடரை விலக்குதல் வேண்டும்.

துணிவுள்ளோர் தென் வேல்சிலுள்ள பரி போர்ட் பாதைக்குரிய எஞ்சினை முயலலாம். பழைய கால்வாயொன்றின் வழியே அமைந்த அப்பாதையிற் பாலங்கள் மிகத் தாழ்ந்தவை. அதனால் சில 03 எஞ்சின்களின் ஓட்டுநர் அறையையே உயரங் குறைத்தனர். புதிதாகக் கைவைப்போருக்கு விஸ்பெக் - அப்வெல் திராம்பாதையில் 1952 முதல் ஓடிய டுறூரி எஞ்சின் பொருத்தமானது. வீதியோரமாகச் சென்ற அதன் சில்லுகளைப் பக்கத்தகடுகள் மறைத்தமையால், மேலே கூறிய மில்லிமீற்றர் வழக்கு அங்கே எழாது!

இறுதியாக நிறமும் எண்ணும். பச்சை நிறந் தீட்டுவோர் டி2000 முதல் டி2199 வரையோ, டி2370 முதல் டி2399 வரையோ உள்ள எண்ணொன்றை இடுதல் வேண்டும். இடைப்பட்ட டி2200 முதல் டி2341 வரையானவை டுறூரிக்கே உரியன.