பிள்ளைகள் போன பிறகு வீட்டில் இரண்டு பேர்



ஐம்பது வயது அம்மா ஒருவர், பால்மரம் வெட்டுபவர், நம் தோட்டத்துக் கிளினிக்குக்கு வந்தார். "தூக்கமே இல்லீங்கய்யா. ராத்திரியில திடீர்னு உடம்பு கொதிக்குது, வேர்த்துக் கொட்டுது. தூக்க மாத்திரை குடுங்க" என்றார். அட்டையில் எழுதப் பெயரைக் கேட்டேன். பழக்கத்தில் "மூத்தவனோட அம்மா" என்றார். சொன்னதும் கண் கலங்கிவிட்டார். மூத்தவன் ஜொகூர் பாருவில் தங்கிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். மகள் கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறாள். "இனி யாருக்குய்யா சமைக்கிறது?" என்றார்.

வீட்டுக்காரர் வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். அவரையும் உள்ளே கூப்பிட்டேன். இருவருக்கும் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகிறது. இது நோயல்ல. அந்தக் காலத்தில் உடம்புச் சூடு, வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், மூட்டுவலி வரலாம். தொல்லை அதிகமானால் டாக்டரிடம் சிகிச்சை உண்டு. ஆண்களே, "சும்மா எரிஞ்சு விழுறா" என்று ஒதுங்காதீர்கள்.

உங்களுக்கும் மனசு வெறுமையாகத்தான் இருக்கும். சொல்லத் தெரியாமல் சிலர் போத்தலைத் தேடிப் போகிறார்கள். இந்த வயதில் இரத்த அழுத்தமும் இனிப்புநீரும் சத்தமில்லாமல் வரும். குடி அதை இன்னும் கெடுக்கும். இருவரும் சேர்ந்தே வந்து சோதித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருசமும் பள்ளிக்கூடம், காய்ச்சல், கல்யாணச் செலவு என்று பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். பிள்ளைகள் போனதும் பேச்சும் போய்விட்டது. வேலை முடிந்து வந்து கால்மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள். "இன்னிக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தாய்மார்களே, தையலோ, பாட்டோ, பூச்செடியோ, முன்பு ஆசைப்பட்டு விட்டதை மறுபடியும் தொடங்குங்கள். நீங்கள் அம்மா மட்டுமல்ல.

இரண்டு விஷயத்தில் வெட்கம் வேண்டாம். மாதவிலக்கு நின்று ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். புற்றுநோயாகவும் இருக்கலாம், சீக்கிரம் கண்டால் குணமாக்க வழி உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சோறு பிடிக்காமல் மனம் சோர்ந்திருந்தாலும் வந்து சொல்லுங்கள். 'வாழ்ந்து என்ன பயன்' என்று தோன்றினால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.

அன்று அந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்து, "இவ பேரச் சொல்லிக் கூப்பிட்டு இருபது வருசம் இருக்கும்யா" என்றார். நீங்கள் இன்றைக்கே கூப்பிட்டுப் பாருங்கள்.