பாஸ்போர்ட்டில் ஒரு வரி

சென்னையிலிருந்து ஆவடி செல்லும் மின்சார ரயிலில் ஏறி, அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் திருமுல்லைவாயில். அவ்வூர் மாசிலாமணீசுவரர் ஆலயத்துக்குச் செல்லும் நேயர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கலாம். மற்ற ஊர்களில் நந்தி பகவான் சுவாமியை நோக்கி வீற்றிருப்பார். இங்கேயோ சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை நோக்கி இருக்கிறார். குறும்பர்களோடு யுத்தம் செய்யத் தொண்டைமான் மன்னன் புறப்பட்டபோது, அவனுக்குத் துணையாகப் போகும்படி சுவாமி நந்தியை அனுப்பினார் என்பது ஸ்தல புராணம். வீட்டை விட்டுப் புறப்படுகிறவனைத் துணையின்றி அனுப்பக்கூடாது என்பதில் நம் பெரியோர்கள் எவ்வளவு கண்டிப்பாயிருந்தார்கள், பாருங்கள்!

ஒரு பௌர்ணமி வெள்ளிக்கிழமையன்று நாம் அந்தச் சந்நிதிக்குப் போயிருந்தோம். கொடியிடை நாயகியைத் தரிசிக்க வந்த கூட்டம் சொல்லி முடியாது. அந்த நெரிசலில், நமக்கு நெடுநாளாகத் தெரிந்த ஓர் அம்மாள் அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்தி நின்றாள். தேங்காய், பழம், வெற்றிலையோடு அந்தத் தட்டில் ஒரு பாஸ்போர்ட்டும் இருந்தது. பக்கத்தில் அவளுடைய ஒரே பிள்ளை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சேர்ந்த ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவன். ஒன்பதாவது வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டவன். ஆனால் கைத்தொழிலில் கெட்டிக்காரன்.

"ஐயா, பையன் அடுத்த வாரம் துபாய்க்குப் போகிறான். இதில் கடைசியில் ஏதோ எழுதியிருக்கிறது. அது கெடுதல் என்கிறான். நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றாள் அம்மாள்.

வாங்கிப் பார்த்தோம். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. 'வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அனுமதி பெறவேண்டியவர்' என்பது அதன் கருத்து. ஈ.ஸி.ஆர். என்று மூன்று எழுத்தில் சுருக்கிச் சொல்வார்கள்.

"அது எனக்கு ஒரு களங்கம் மாதிரி, சார்" என்றான் பையன் தலையைக் குனிந்துகொண்டு. "அதற்கு அனுமதி வாங்கப் போனால் மாதக் கணக்கில் இழுத்தடிப்பார்கள் என்று ஏஜெண்டு சொல்கிறார். சுற்றிப் பார்க்கப் போகிறவனைப் போல் விஸிட் விஸாவில் போய்விடலாமாம். அங்கே போனபிறகு கம்பெனி அதை மாற்றிக் கொடுக்குமாம். நாற்பதாயிரம் முன்பணம் கட்டிவிட்டேன்."

அந்த நாற்பதாயிரத்தில் அம்மாளின் கழுத்துச் சங்கிலி அடக்கம் என்பது, அவள் வெறுங்கழுத்தைப் பார்த்தவுடனேயே நமக்கு விளங்கிவிட்டது.

அந்த வரி களங்கமா, காவலா? இக்கேள்விக்கு நம் தேச சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது.

1860-ஆம் வருஷத்தில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் கூட்டத்தார் அதில் இருந்தார்கள். அந்த ஏழைகளிடமும் காகிதம் இருந்தது. ஆனால் அது எஜமானனுக்காக எழுதப்பட்ட காகிதம். தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடாமல் இருப்பதற்காகவே அது ஏற்பட்டது. 1894-ஆம் வருஷத்தில் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, எஜமானனிடம் அடிபட்டுப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவண்ணம் இளம் வக்கீலாயிருந்த காந்திஜியின் முன் வந்து நின்ற சம்பவத்தை அறியாதவர் யார்? ஒப்பந்தத்தை மீறி வெளியேறினால் அந்தத் தொழிலாளி ஜெயிலுக்குப் போகவேண்டும் என்பது அன்றைய சட்டம். காந்திஜி அவரை வேறு எஜமானரிடம் மாற்றிவிடத்தான் முடிந்தது.

பின்னர் டிரான்ஸ்வாலில் இந்தியர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டுப் பெறவேண்டும் என்று சட்டம் வந்தது. 1908-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி ஜோஹான்னஸ்பர்க் நகரில், மசூதி ஒன்றின் மைதானத்தில், நம்மவர்கள் அந்தச் சீட்டுக்களை ஆயிரக்கணக்கில் குவித்துத் தீயிட்டார்கள். 1913-ஆம் வருஷத்துப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, வெளியே வந்தும் பிழைக்காமல் அடுத்த வருஷம் உயிர் நீத்தாள்.

இவ்விதமாகக் காகிதத்தை எரித்துச் சுயமரியாதையை நிலைநாட்டிய வமிசத்தில் வந்தவர்கள் நாம். ஆகவே, பாஸ்போர்ட்டில் ஒரு வரியைக் கண்டு பையனுக்கு ரோஷம் வருவது இயற்கையே. 2018-ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்காரே இத்தகையோருக்கு ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட் கொடுப்பதாக அறிவித்தது. ஏழையையும் படிப்புக் குறைந்தவனையும் நிறத்தால் பிரித்துக் காட்டுவதா என்று நாடெங்கும் ஆட்சேபம் கிளம்பவே, அதே மாதத்தில் அந்த யோசனை கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே. ஆனால் நிறம் வேறு, வரி வேறு. நிறம் பார்ப்பவனுக்குப் பறைசாற்றுவது. வரியோ பிரயாணிக்குத் துணை வருவது.

எப்படித் துணை வருகிறது? 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாவது தேறாத ஒருவர் சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு நாடுகள், மலேசியா முதலிய பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும். சென்னையிலும் அந்த உத்தியோகஸ்தரின் காரியாலயம் உண்டு. சம்பளம் எவ்வளவு, வேலை என்ன, எத்தனை வருஷம் என்பதெல்லாம் கண்ட ஒப்பந்தம் அவர் பார்வைக்கு வந்தாகவேண்டும். ஆள் திரட்டும் ஏஜெண்டு சர்க்காரிடம் பதிவு பெற்றவராயிருக்க வேண்டும். தம் சேவைக்காக அவர் வாங்கக்கூடிய தொகை முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்கு ரசீதும் தரவேண்டும். அனுமதி பெற்றுச் செல்பவருக்குப் பத்து லக்ஷ ரூபாய் இன்ஷூரன்ஸ் உண்டு. இரண்டு வருஷத்துக்கு அதன் கட்டணம் 275 ரூபாய்தான். ஒரு வேளை வெளியூரில் விபத்து நேர்ந்தால், தாயாருக்கு மிஞ்சுவது அந்தக் காகிதம் ஒன்றே.

விஸிட் விஸாவில் போகிறவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவன் வேலைக்குப் போனதாகவே நம் சர்க்காரின் கணக்கில் ஏறாது. அந்நாட்டுச் சட்டத்தின்படியோ, அவன் வேலையில் கை வைத்த நிமிஷமே குற்றவாளி. சம்பளம் வரவில்லை என்று முறையிடப் போனால், "நீ எந்த விஸாவில் வந்தாய்?" என்ற கேள்வியே முதலில் வரும். நேட்டால் தோட்டத்துத் தொழிலாளியிடம் ஒப்பந்தச் சீட்டு இருந்தது, பாதுகாப்பு இல்லை. இவனிடம் அந்தச் சீட்டுக்கூட இராது.

இன்னொரு விஷயமும் பையனிடம் சொன்னோம். "போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கொடு, பெட்டியில் பத்திரமாய் வைக்கிறேன் என்று முதலாளி கேட்பான். 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் உன்னுடையதுகூட அல்ல. அது பாரத சர்க்காரின் சொத்து. உனக்கே சொந்தமில்லாத பொருளை நீ அடகு வைப்பதெப்படி?"

பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நாற்பதாயிரம் போய்விடுமே, சார்" என்றான்.

"போனால் சங்கிலி போச்சு, அவ்வளவுதானே? நீ போகவில்லையே!" என்றாள் தாயார்.

இந்த ஒரு வார்த்தைக்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது? கடல் கடந்து சம்பாதிப்பது தமிழனுக்குப் புதிதல்ல. அதைத் தடுக்கவேண்டும் என்பது நமது எண்ணமும் அல்ல. வீட்டில் ஒருவர் புறப்படும்போது, நல்ல நாள் பார்ப்பதோடு விஸாவில் என்ன எழுதியிருக்கிறதென்றும் பார்க்கவேண்டும் என்பதே நமது விண்ணப்பம். ஒப்பந்தம் தமிழில் புரியும்படி வாசிக்கப்படட்டும். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தமிழ்நாட்டு அரசாங்கமே 1978-ஆம் வருஷத்தில் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியிருக்கிறது. அங்கே விசாரித்த பிறகு பணத்தைக் கட்டலாம். எல்லாக் காகிதங்களுக்கும் ஒவ்வொரு பிரதி தாயார் பெட்டியிலும் இருக்கட்டும்.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மாள் நம் வீட்டுக்குக் கோயில் பிரசாதம் கொண்டுவந்தாள். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்ததாம். பையன் அதன் பிறகு பதிவு பெற்ற வேறொருவர் மூலம் ஒப்பந்தம் பெற்று, பாதுகாவலரின் அனுமதியோடு மஸ்கத்துக்குப் போயிருக்கிறான். முதல் மாதச் சம்பளமும் வந்துவிட்டது.

"சங்கிலி?" என்று கேட்டோம்.

"அது மெதுவாக வரட்டும், ஐயா. நந்தி போலத் துணைக்கு ஒரு காகிதம் போயிருக்கிறதே, அது போதும்" என்று சொல்லிவிட்டு விபூதிப் பொட்டலத்தை நம் கையில் வைத்தாள்.